லண்டன்ல ஆறு நாள்: ராஜா, பார்லிமென்ட், பட்டாளம்

நாள் 1, செவ்வாய்

காலைல ஹீத்ரோல இறங்கறப்ப தூறல், நவம்பர் குளிர்னா என்னன்னு குன்னூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, ஆனா இங்க சாயங்காலம் நாலேகாலுக்கே இருட்டிடுது, அதுதான் புதுசு. அத்தை பையன் வந்து கூட்டிட்டுப் போனான், ஈஸ்ட் ஹாம்ல வீடு. இருபது வருஷமா இங்க இருக்கான், லேபர் கட்சிக்கு ஓட்டுப் போடறவன். நான் அதுக்கு நேர் எதிர். சின்ன வயசுலேர்ந்து எங்களுக்குள்ள இந்தச் சண்டை உண்டு, அதனால இந்த ஆறு நாளும் நீங்க படிக்கப்போறது ஒரு பழமைவாதி எழுதற டைரின்னு முதல்லயே சொல்லிடறேன்.

எனக்கு ஏன் இந்த ஊர் ராஜா மேல, பட்டாளம் மேல இவ்ளோ ஆர்வம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர், நான் வெலிங்டன் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவன். அப்பா தொப்பில ஒரு யானை பேட்ஜ் இருக்கும், ரெண்டு வாளுக்கு மேல. அந்த யானை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சதுதான், அது இங்க கொண்டுவந்து விட்டுடுச்சு. அந்தக் கதை சனிக்கிழமைக்கு. வெள்ளைக்காரன் நம்மள ஆண்டது நல்லதுன்னு சொல்ல நான் வரல, அதையும் இப்பவே சொல்லிடறேன். அவங்க தங்களைத் தாங்களே எப்படி ஆண்டுக்கிட்டாங்கங்கறதுதான் என் விஷயம்.

தூங்காம மத்தியானமே ஒயிட்ஹால் போயிட்டோம். பேங்குவட்டிங் ஹவுஸ் முன்னாடி நின்னேன். 1649 ஜனவரி 30, இந்தக் கட்டடத்துக்கு வெளில மேடை போட்டு ராஜா முதலாம் சார்லஸ் தலைய வெட்டினாங்க. குளிர்ல உடம்பு நடுங்கினா பயத்துல நடுங்கறான்னு ஜனங்க நெனச்சிடுவாங்கன்னு அன்னிக்கு ரெண்டு சட்டை போட்டுக்கிட்டு வந்தார். அங்கேர்ந்து நடந்து பார்லிமென்ட் பக்கம் வந்தா, அந்த ராஜாவ எதிர்த்துப் படை நடத்தின கிராம்வெல் சிலை, கையில வாளும் பைபிளும். ரோட்டுக்கு எதிர்ல செயின்ட் மார்கரெட் சர்ச் சுவத்துல சார்லஸோட சின்ன தலைச்சிலை. தலை வாங்கினவரும் தலை போனவரும் எதிரும் புதிருமா இருக்காங்க, இந்த ஊர் ரெண்டையும் வெச்சிருக்கு, எதையும் பேத்து எறியல, அது எனக்குப் பிடிச்சிருக்கு.

மச்சான் கேட்டான், "ராஜா இல்லாமலே பதினோரு வருஷம் ஓடுச்சே, என்ன கெட்டுப்போச்சு?" அதைத்தான்டா சொல்றேன். ராஜாவ எடுத்தாங்க, அந்த நாற்காலி காலியா இருந்துச்சா? 1653ல கிராம்வெல் சிப்பாய்ங்களக் கூட்டிட்டு வந்து பார்லிமென்டையே கலைச்சார், அதே வருஷம் லார்ட் புரொடெக்டர்னு பட்டம் கட்டிக்கிட்டார், 1655லேர்ந்து நாட்ட பல பாகமா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு மேஜர் ஜெனரல். வரி போட பார்லிமென்டைக் கேக்கலன்னு ஒரு ராஜாவ வெட்டிட்டு, பார்லிமென்டே வேணாம்ங்கற ஜெனரல்கிட்ட மாட்டினாங்க. 1660ல அவங்களே போய் வெட்டுப்பட்டவரோட பிள்ளை ரெண்டாம் சார்லஸ கூப்பிட்டு வந்தாங்க. உச்சில இருக்கற நாற்காலில அதிகாரம் இல்லாத ஒருத்தர் உக்காந்திருந்தா, அதிகாரம் இருக்கறவன் அங்க ஏற முடியாது. நான் ராஜா வேணும்னு சொல்றதுக்கு முதல் காரணம் இதான்.

நாள் 2, புதன்

காலைல பக்கிங்ஹாம் அரண்மனைல கார்டு மாத்தறது. பத்து மணிக்கே போயிட்டோம், அப்பவும் கம்பிக்குப் பக்கத்துல இடம் கிடைக்கல. கரடித்தோல் தொப்பி, குளிருக்கு சாம்பல் கலர் கோட்டு. சிவப்பு டியூனிக்ல பட்டன் எத்தனை எத்தனையா சேந்திருக்குன்னு பாத்தே எந்த ரெஜிமென்ட்னு சொல்லலாம், கிரெனடியர் ஒண்ணொண்ணா, கோல்ட்ஸ்ட்ரீம் ரெண்டு ரெண்டா, ஸ்காட்ஸ் மூணு, ஐரிஷ் நாலு, வெல்ஷ் அஞ்சு. கோல்ட்ஸ்ட்ரீம் கதை ரொம்ப முக்கியம். அது கிராம்வெல் காலத்துப் படை, 1650ல ஜெனரல் மங்க் ஆரம்பிச்சது. 1660ல ஸ்காட்லாந்து எல்லைல கோல்ட்ஸ்ட்ரீம்ங்கற ஊர்லேர்ந்து கிளம்பி லண்டனுக்கு நடந்து வந்துதான் ராஜா திரும்பி வர வழி பண்ணாங்க. 1661ல டவர் ஹில்ல குடியரசு ஆயுதத்தைக் கீழ வெச்சுட்டு, ராஜா படைன்னு அதே ஆயுதத்தை திரும்ப எடுத்துக்கிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அதே ரெஜிமென்ட் காவல் நிக்குது.

இன்னொண்ணு, ராயல் நேவி உண்டு, ராயல் ஏர் ஃபோர்ஸ் உண்டு, ஆனா ராயல் ஆர்மின்னு ஒண்ணு கிடையாது, பிரிட்டிஷ் ஆர்மிதான். 1689 உரிமைச் சட்டப்படி சமாதான காலத்துல பார்லிமென்ட் சம்மதம் இல்லாம ராஜா நிரந்தரப் படை வெச்சுக்கக் கூடாது. அதுக்காகவே இப்பவும் அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஆயுதப்படைச் சட்டத்த பார்லிமென்ட் புதுப்பிக்கணும். சிப்பாய் சத்தியம் பண்றது ராஜாவுக்கு, சம்பளத்துக்கு ஒப்புதல் குடுக்கறது பார்லிமென்ட். எந்தப் பிரதமரும் இது என் படைன்னு சொல்ல முடியாது. பட்டாளத்து வீட்டுல வளர்ந்தவனுக்கு இதோட அருமை தெரியும், பக்கத்து நாடுகள்ல என்னென்ன நடந்துச்சுன்னு பாத்துட்டுத்தானே இருக்கோம்.

மத்தியானம் பார்லிமென்ட் உள்ள. சபை நடக்கற நாள்ல யார் வேணா வரிசைல நின்னு கேலரிக்குப் போகலாம், காசு கிடையாது. முதல்ல வெஸ்ட்மின்ஸ்டர் ஹால், 1097ல கட்டினது. தலைக்கு மேல ஓக் மரக்கூரை, நடுவுல ஒரு தூண் இல்ல. தரைல பித்தளைத் தகடு, சார்லஸ் விசாரணைல இருந்த இடம். இங்கதான் 2022ல எலிசபெத் மகாராணி உடல வெச்சிருந்தாங்க, சுமார் ரெண்டரை லட்சம் பேர் ராத்திரி பகலா வரிசைல நின்னு பாத்துட்டுப் போனாங்க. அவங்க சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் லிஸ் டிரஸ்ஸ பிரதமரா நியமிச்சாங்க. அவங்க காலத்து முதல் பிரதமர் சர்ச்சில் 1874ல பொறந்தவர், கடைசி டிரஸ் 1975ல பொறந்தவங்க. பதினஞ்சு பிரதமர், ஒரே ராணி.

இதே ஹால்லதான், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தியால கவர்னர் ஜெனரலா இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் விசாரணை, 1788ல ஆரம்பிச்சு 1795 வரைக்கும் இழுத்துச்சு, கடைசில விடுதலை ஆயிட்டார். வழக்க நடத்தினது எட்மண்ட் பர்க். அடுத்த ஹால்ல, செயின்ட் ஸ்டீபன்ஸ்ல, பர்க் சிலை இருக்கு. பழைய காமன்ஸ் சபை நடந்த இடம் அதுதான், 1834ல எரிஞ்சு போச்சு. நான் லண்டன் வந்ததே இந்த சிலை முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் நிக்கத்தான்னு சொன்னாக்கூட தப்பில்ல.

பழமைவாதத்துக்கே தகப்பன்னு சொல்ற ஆள் பர்க். ஃபிரெஞ்சு புரட்சிய எதிர்த்தார்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா 1785 பிப்ரவரில இதே இடத்துல அவர் பேசினது எதப் பத்தி தெரியுமா, ஆற்காடு நவாப் கடனப் பத்தி. நம்ம ஊரப் பத்தி! நவாப் முகமது அலி கம்பெனி ஆளுங்ககிட்ட கண்டபடி வட்டிக்கு வாங்கினார், பால் பென்ஃபீல்டு மாதிரி ஆளுங்க அதுல கொழுத்தாங்க, வட்டிக்கு ஈடா ஊர் ஊரா நில வரிய எழுதிக் குடுத்தார், உழுதவன் வயித்துல அடிச்சு அந்த வட்டி போச்சு. அந்தக் கடன் நிஜமா பொய்யான்னு விசாரிக்காமலே கர்நாடகத்து (இப்ப இருக்கற கர்நாடகா இல்ல, ஆற்காடு நவாப் சீமை) வருமானத்துலேர்ந்து அடைக்கலாம்னு கவர்ன்மென்ட் முடிவு பண்ணுச்சு. பர்க் எழுந்து மணிக்கணக்கா எதிர்த்துப் பேசினார். அந்தப் பேச்சுல நம்ம ஏரிங்களப் பத்தி சொல்றார். கர்நாடகத்துலயும் தஞ்சாவூர்லயும் பெருசும் நடுத்தரமுமா பத்தாயிரத்துக்குக் குறையாம ஏரி இருக்கும்ங்கறார், அதெல்லாம் நெஜமான ராஜாக்கள் விட்டுட்டுப் போன நினைவுச்சின்னம், பின்னாடி பொறக்கப்போற சந்ததிய தன் பிள்ளையா நெனச்சு உயில் எழுதி வெச்ச மாதிரிங்கறார். ஒரு தடவகூட இந்தியா வராத மனுஷன்.

ஓட்டெடுப்புல தோத்துட்டார். ஆனா எனக்கு பழமைவாதம்னா இதான். முன்னோர் வெட்டின ஏரி, நீயும் நானும் குடிமராமத்து செஞ்சு, கரைய பலப்படுத்தி, தூர் வாரி அடுத்தவனுக்கு விட்டுட்டுப் போகணும், கரைய உடைக்க நமக்கு உரிமை கிடையாது. பர்க் கண்ணுல கம்பெனியும் ஃபிரெஞ்சு புரட்சிக்காரனும் ஒரே தப்பத்தான் பண்ணாங்க, தான் கட்டாததை உடைச்சாங்க.

நாள் 3, வியாழன்

வாட்டர்லூ ஸ்டேஷன்ல டிரெய்ன் ஏறி போர்ட்ஸ்மவுத். ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஹார்பர் ஸ்டேஷன்ல இறங்கினா கடல்.

எச்எம்எஸ் விக்டரி. 1765ல தண்ணில இறக்கினது, 1922லேர்ந்து டிரை டாக்ல நிக்குது, இன்னமும் நேவி பட்டியல்ல பணியில இருக்கற கப்பல். சுத்தி சாரம் கட்டி ஷீட் போட்டு மூடியிருக்காங்க, பத்து வருஷ ரிப்பேர், வண்டும் பூஞ்சையும் மரத்த அரிச்சுடுச்சு. ஃபோட்டோ எடுக்க வந்தவங்களுக்கு ஏமாத்தம், எனக்கு அதுவே சந்தோஷம். பழைய பலகைய எடுத்துட்டு புது ஓக் பலகை போடறாங்க, ஒரு பலகை மாத்தினதால கப்பல் மாறிடல. முழுசா உடைச்சு புதுசா கட்டிடலாம்னு யாரும் சொல்லல.

மேல் தளத்துல அட்மிரல் நெல்சன் குண்டடிபட்டு விழுந்த இடத்துல தகடு. 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர், எதிரி ஃபிரெஞ்சு, ஸ்பானிஷ் படைக்கு 33 கப்பல், இவருக்கு 27. மத்தியானம் ஒண்ணேகால் வாக்குல ரெடூட்டாப்ள் கப்பல் பாய்மரத்து மேலேர்ந்து ஒருத்தன் சுட்டான், கீழ்த்தளத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க, நாலரை மணி வாக்குல ஜெயிச்ச சேதி கேட்டுட்டுத்தான் செத்தார். அந்தக் கீழ்த்தளத்துல நான் குனிஞ்சுதான் நடந்தேன், மண்டைல உத்தரம் இடிக்குது, அந்த இருட்டுல வெட்டுப்பட்டவங்க வரிசையா கிடந்திருக்காங்க. உடம்ப பிராந்தி பீப்பாய்ல போட்டு ஊருக்குக் கொண்டு வந்தாங்க.

வெளில வந்து கடல் பாத்து உக்காந்தேன். 1982 ஏப்ரல் 5, இதே துறைமுகத்துலேர்ந்துதான் ஹெர்மிஸ், இன்வின்சிபிள்னு ரெண்டு விமானந்தாங்கிக் கப்பலும், அர்ஜென்டினா பிடிச்ச ஃபாக்லண்ட் தீவை மீட்கக் கிளம்புச்சு. ஹெர்மிஸ் யாருன்னு நம்மாளுங்களுக்குத் தெரியணும், 1987ல நம்ம நேவில சேந்து ஐஎன்எஸ் விராட் ஆச்சே, அதே கப்பல்தான், 2017 வரைக்கும் நமக்கு உழைச்சுது.

ஃபாக்லண்ட பேசறப்ப எங்க ஆளுங்க அப்ப பிரதமரா இருந்த தாட்சர் ஜெயிச்சாங்கன்னு மட்டும் பேசுவாங்க. நான் அதுக்கு முன்னாடி வருஷத்தப் பத்தி பேசணும். 1981ல அதே தாட்சர் கவர்ன்மென்ட் செலவக் குறைக்கறேன்னு எண்டியூரன்ஸ் கப்பல தெற்கு அட்லாண்டிக்லேர்ந்து எடுக்க முடிவு பண்ணுச்சு, இன்வின்சிபிள ஆஸ்திரேலியாவுக்கு விக்கப் பாத்துச்சு. அர்ஜென்டினா ராணுவ ஆட்சி அதைப் பாத்துட்டு இவங்களுக்கு இந்தத் தீவு மேல அக்கறை இல்லன்னு கணக்குப் போட்டான். ஏப்ரல் 2 இறங்கிட்டான். 74 நாள், பிரிட்டிஷ் பக்கம் 255 உயிர், அர்ஜென்டினா பக்கம் 649, தீவுக்காரங்க மூணு பேர். ஏப்ரல் 5ம் தேதியே வெளியுறவு மந்திரி கேரிங்டன் பிரபு, என் துறை தவறிடுச்சு, நான்தான் பொறுப்புன்னு ராஜினாமா பண்ணிட்டார். இப்பல்லாம் யார் அப்படிப் போறாங்க, சொல்லுங்க.

2010ல மறுபடி அதே தப்பு. கேமரன் கவர்ன்மென்ட், ஹாரியர் விமானம் மொத்தத்தையும் ஆர்க் ராயல் கப்பலையும் சேத்து ஓரங்கட்டினாங்க. 1990ல ஒன்றரை லட்சம் இருந்த ஆர்மிய சுமார் 73,000க்குக் கொண்டுவர 2021ல திட்டம் போட்டாங்க, நெப்போலியன் காலத்துக்கப்பறம் இவ்ளோ சின்னப் படை இருந்ததில்ல. இதப் பண்ணது பெரும்பாலும் கன்சர்வேட்டிவ் கட்சி. கட்சிப் பேர்லயே காப்பாத்தறதுன்னு இருக்கு, எதைக் காப்பாத்தினாங்க? பதினாலு வருஷத்துல அஞ்சு பிரதமர். 2024ல 121 சீட்டுக்கு இறங்கினப்ப மச்சான் ஃபோன் பண்ணி சந்தோஷப்பட்டான், எனக்குப் பதில் சொல்ல ஒண்ணும் இல்ல, ஜனங்க செஞ்சது சரி. தூர் வாராம விட்டவன்கிட்ட ஏரிய யார் குடுப்பாங்க?

நாள் 4, வெள்ளி

கால் வலி, அதனால ரெண்டே இடம். செயின்ட் பால்ஸ் சர்ச் நிலவறைல நெல்சன் சமாதி, அந்தக் கருப்புக் கல் பேழை முதல்ல கார்டினல் வுல்சிக்காகச் செஞ்சதாம். கொஞ்சம் தள்ளி, வாட்டர்லூல நெப்போலியன ஜெயிச்ச வெலிங்டன் டியூக் சமாதி.

அப்பறம் செல்சி ராயல் ஹாஸ்பிடல். ஹாஸ்பிடல்னு பேரு, ஆனா வயசான சிப்பாய்ங்க வாழற இல்லம், 1682ல ரெண்டாம் சார்லஸ் ஆரம்பிச்சது, கட்டினது கட்டடக்கலைஞர் ரென். சுமார் 300 பேர் இருக்காங்க, சிவப்பு கோட்டு போட்ட தாத்தாக்கள், 2009லேர்ந்து பாட்டிகளும். தாட்சர் அஸ்தியும் அவங்க வீட்டுக்காரர் அஸ்தியும் இந்த வளாகத்துலதான். நாங்க சுத்திப் பாக்கறப்ப ஒரு தாத்தா கூட வந்தார், நான் எங்கப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்னு சொன்னதும் நின்னு கை குடுத்தார், "இன்ஃபன்ட்ரியா?"ன்னார், ஆமான்னேன், "அப்ப முட்டி போயிருக்குமே"ன்னார். நெஜமாவே அப்பாவுக்கு முட்டி போச்சு. முன்னூறு வருஷத்துக்கு மேலா ஒரு நாடு தன் கிழட்டு சிப்பாய்க்குச் சோறும் மரியாதையும் விடாம குடுக்குதுன்னா நான் அதுக்கு முன்னாடி தலை குனியறேன்.

ராத்திரி சாப்பாட்டுல சர்ச்சில் பத்தி சண்டை. மச்சான் வங்காளப் பஞ்சத்த எடுத்தான், 1943. நான் மறுக்கல. இந்தியா விஷயத்துல சர்ச்சில் பேச்சும் செயலும் தப்பு, அந்தப் பஞ்சத்துல லட்சக்கணக்கா செத்தாங்க, அத மூடி மறைச்சுட்டு அவர மதிக்க எனக்கு மனசு வராது. பார்லிமென்ட் சதுக்கத்துல அவர் சிலையும் இருக்கு, 2015ல வெச்ச காந்தி சிலையும் இருக்கு. ஆனா 1940 மே மாசம் கடைசி வாரத்துல, ஃபிரான்ஸ் விழுந்துட்டிருக்கறப்ப, சமாதானம் பேசலாமான்னு மந்திரிசபைலயே கேட்டப்ப மாட்டேன்னு நின்னது அவர்தான். 1945ல ஜனங்க ஓட்டுல தோத்தப்ப அன்னிக்கே ராஜாகிட்ட போய் ராஜினாமா குடுத்துட்டுப் போனார். ரெண்டும் ஒரே ஆள். மச்சான் ஒத்துக்கல, நானும் விடல, அத்தை வந்து தட்ட எடுத்துட்டுப் போயிட்டாங்க.

நாள் 5, சனி

யானை கதை. ஹைட் பார்க் முனைல ஆப்ஸ்லி ஹவுஸ், வெலிங்டன் டியூக் வீடு. மாடிப்படிக்குக் கீழ நெப்போலியனோட பெரிய பளிங்குச் சிலை, கனோவா செதுக்கினது, தோத்தவன் சிலைய ஜெயிச்சவர் வீட்டுல வெச்சிருக்காங்க. எல்லாரும் வாட்டர்லூ விருந்து நடந்த அறையப் பாக்கறாங்க. நான் தேடினது அசாயே, நம்ம தக்காணத்துல அவர் போட்ட சண்டை.

1803 செப்டம்பர் 23. அப்ப அவர் ஆர்தர் வெல்லெஸ்லி, மேஜர் ஜெனரல். எதிர்ல சிந்தியா, போன்ஸ்லேங்கற மராத்தா ராஜாக்களோட பெரும்படை, பீரங்கி வரிசை. நடுவுல கைத்னா ஆறு. இறங்கிக் கடக்க வழியே இல்லன்னு வழிகாட்டிங்க சாதிச்சாங்க. இவர் பாத்தார், இந்தக் கரைல ஒரு கிராமம், நேர் எதிர்க் கரைல ஒரு கிராமம். ரெண்டு ஊர் இப்படி எதிரெதிரா இருந்தா ஜனங்க போய் வர நடுவுல துறை இல்லாமயா இருக்கும்னு யோசிச்சார். இருந்துச்சு. கடந்து போய் மோதினார், அவர் படைல செத்ததும் அடிபட்டதுமா ஆயிரத்து ஐநூறுக்கு மேல. அந்தப் படைல கணிசமா இருந்தது மதராஸ் சிப்பாய்ங்க. அந்தப் பட்டாளங்களுக்குக் குடுத்த கௌரவம்தான் அசாயே யானை, அப்பா தொப்பில இருந்த யானை. வயசான காலத்துல, நீங்க போட்ட சண்டைலயே சிறந்தது எதுன்னு கேட்டதுக்கு டியூக் ஒரே வார்த்தைல சொன்னது அசாயே.

எதிர்ப் பக்கத்துல மராத்தா பீரங்கிக்காரங்க பீரங்கியோடயே நின்னு செத்தாங்க, அவங்களும் நம்மாளுங்கதான். அப்பாகிட்ட இதச் சின்ன வயசுல கேட்டிருக்கேன், யாருக்காகப்பா சண்டை போட்டாங்கன்னு. உப்பு தின்ன இடத்துக்கு, பக்கத்துல நின்னவனுக்குன்னார். எனக்கு அந்த பதில் போதும்.

வெலிங்டன் பிரதமரா இருந்ததப் பத்தி யாரும் பேசறதில்ல. 1829ல கத்தோலிக்கர்களுக்கு பார்லிமென்ட்ல உக்கார உரிமை குடுத்தது இவர்தான், சொந்தக் கட்சிக்காரங்களே துரோகின்னாங்க, ஒரு பிரபுவோட துப்பாக்கிச் சண்டை வரைக்கும் போச்சு. ஒரு மாசம் உள்நாட்டுச் சண்டை வராம தடுக்க முடிஞ்சா என் உயிரையே குடுப்பேன்னு பிரபுக்கள் சபைல பேசினார். மதகு திறக்கவேண்டிய நேரத்துல திறக்கலன்னா கரையே போயிடும்னு தெரிஞ்சவர். ஆனா அடுத்து ஓட்டுரிமைச் சீர்திருத்தம் வந்தப்ப பிடிவாதமா நின்னுட்டார், அங்க அவர் தப்பு பண்ணார்னுதான் நான் சொல்வேன். 1831ல கும்பல் வந்து இந்த வீட்டு ஜன்னல உடைச்சப்ப உள்ள அவர் சம்சாரம் செத்துக் கிடந்தாங்க. அப்பறம்தான் இரும்புக் கதவு போட்டார்.

வெளில வந்தா பக்கத்துலயே மெமோரியல் கேட்ஸ், 2002ல ராணி திறந்தது, இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன்லேர்ந்து ரெண்டு உலகப்போருக்கும் போன ஐம்பது லட்சம் பேர் நினைவா. மண்டபத்து உள்கூரைல விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ்ங்கற வீரப் பதக்கம் வாங்கினவங்க பேருங்க. கழுத்து வலிக்க நிமிந்து பாத்துட்டே இருந்தேன். எனக்கு சுபேதார் சுப்பிரமணியன் ஞாபகம். மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற பொறியாளர் படை, செங்கல்பட்டு ஜில்லாக்காரர், 1944ல இத்தாலில மிஞ்ஞானோ பக்கத்துல கண்ணிவெடி மேல தானே விழுந்து கூட இருந்தவங்களக் காப்பாத்தினார், செத்தப்பறம் ஜார்ஜ் கிராஸ். நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்?

நாள் 6, ஞாயிறு

இன்னிக்கு ரிமெம்பரன்ஸ் சண்டே, போர்ல செத்தவங்கள நாடே நினைக்கற நாள், விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம். மச்சானும் வந்தான், நான் கூப்பிடல, அவனா கோட்டுல அந்த நினைவுக்கான சிவப்புப் பாப்பிப் பூ குத்திக்கிட்டு வந்து நின்னான். ஒயிட்ஹால்ல செக்கிங் முடிச்சு உள்ள போய் கம்பிக்கு மூணாவது வரிசைல இடம்.

செனோடாஃப்ங்கற போர் நினைவுச்சின்னம், லட்யன்ஸ் வடிவமைச்சது, நம்ம டெல்லி இந்தியா கேட் பண்ண அதே ஆள். 1919ல மரத்துலயும் பூச்சுலயும் தற்காலிகமா வெச்சாங்க, ஜனங்க பூ வெச்சுட்டே இருந்தாங்க, அதனால 1920ல கல்லுல கட்டினாங்க. சிலுவை கிடையாது, எந்த மதச்சின்னமும் கிடையாது, எங்கப்பா மாதிரி திருநீறு பூசின சிப்பாயும் அதுல சேத்தி.

பதினோரு மணி. பிக் பென் அடிச்சுது, பக்கத்து ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்துலேர்ந்து ஒரு பீரங்கி, அப்பறம் ரெண்டு நிமிஷம். அத்தனை ஆயிரம் பேர், ஒரு சத்தம் இல்ல, எங்கயோ ஒரு குழந்தை அழுதுது, கொடி துணி படபடன்னுது, அவ்ளோதான். மறுபடி பீரங்கி, பியூகிள்ல லாஸ்ட் போஸ்ட் இசை. எனக்கு முன்னாடி உயரமான ஆள், ராஜாவோட தலை ஒரு நொடிதான் தெரிஞ்சுது, மலர்வளையம் வெச்சுட்டு சல்யூட் அடிச்சுட்டுப் பின்வாங்கினார். அப்பறம் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியா உட்பட காமன்வெல்த் தூதர்கள், பின்னாடி முன்னாள் பிரதமர்கள் வரிசையா. ஒருத்தரும் பேசல. பிஷப் பிரார்த்தனையத் தவிர ஒரு வார்த்தை இல்ல. பிரதமர் மைக் பிடிக்கல, யார் கட்சிக்கொடியும் இல்ல. ராஜா அங்க இருக்கறதாலதான் அரசியல்வாதி வரிசைல ரெண்டாவதா வாயமூடி நிக்க முடியுதுன்னு மச்சான்கிட்ட காதுல சொன்னேன், "சரிடா, கொஞ்ச நேரம் சும்மா இரு"ன்னான், அவன் கண்ணு கலங்கியிருந்துச்சு.

அப்பறம் பழைய சிப்பாய்ங்க அணிவகுப்பு. ஒரு மணி நேரத்துக்கு மேல போயிட்டே இருக்கு, சக்கர நாற்காலில சிலபேர், ஒருத்தருக்கு ரெண்டு காலும் இல்ல, நேத்து செஞ்ச மாதிரி பரேட்ல தலை திரும்புது. செல்சி சிவப்பு கோட்டு வந்தப்ப கை தட்டல் ஜாஸ்தியாச்சு, வெள்ளிக்கிழமை பாத்த தாத்தாவத் தேடினேன், முகம் புரியல.

கூட்டம் கலைஞ்சதும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி வாசலுக்கு நடந்தோம். புல்தரைல ரெஜிமென்ட் ரெஜிமென்டா சின்னச் சின்ன மரச்சிலுவை நட்டு வெச்சிருக்காங்க, 1928லேர்ந்து வருஷா வருஷம். மத குறி இல்லாத சின்னப் பலகையும் கிடைச்சுது, ஒண்ணு வாங்கினேன். பேனா மச்சான்கிட்ட இருந்துச்சு. சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ், 1944ன்னு தமிழ்ல எழுதி ஓரமா நட்டேன். மண்ணு ஈரமா இருந்துச்சு, லேசா அழுத்தினதும் நின்னுடுச்சு. நாளைக்குக் காலைல ஃபிளைட்.